டிஜிட்டல் வானொலி: பதின்மூன்று நகரங்களுக்கு அப்பாலும் நாங்கள் இருக்கிறோம்

பெறுநர்: ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், பிரசார் பாரதி வாரியம்

ஐயா, அம்மையீர்,

2025 அக்டோபர் 3 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் வானொலிகளுக்கான டிஜிட்டல் ஒலிபரப்புக் கொள்கை பற்றிய பரிந்துரைகளை வெளியிட்டது. அதன்படி டிஜிட்டல் வானொலி முதலில் வரப்போவது 13 பெருநகரங்களுக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பது சென்னை ஒன்றுதான். முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். அந்த முடிவு இப்படியே உறுதியாகிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கைபேசி சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும்தான் இப்போது அதிகம் விற்கின்றன. ஆனாலும் மேசைமேல் பிரித்துப் போட்ட ஒரு ரேடியோ பெட்டி இல்லாத நாள் குறைவு. யார் கேட்கிறார்கள், எந்த அலையில் கேட்கிறார்கள், எது இல்லாமல் தவிக்கிறார்கள் என்பதை என் கடைக்கு வரும் பெட்டிகளே சொல்லிவிடும்.

மீடியம் வேவ் எனப்படும் மத்திய அலையில் நாட்டில் ஏற்கெனவே டிஜிட்டல் ஒலிபரப்பு இருக்கிறது. டி.ஆர்.எம். (டிஜிட்டல் ரேடியோ மாண்டியல்) என்னும் முறையில் இயங்கக்கூடிய 35 மத்திய அலை ஒலிபரப்பிகளை ஆகாசவாணி நிறுவி முடித்துவிட்டது. சென்னையிலும் உண்டு. 2017 வாக்கிலேயே அந்த வேலை பெரும்பாலும் முடிந்தது. எங்கள் வரிப்பணத்தில் வாங்கிய ஒலிபரப்பிகள் அவை. இத்தனை ஆண்டுகளில் அந்த டிஜிட்டல் ஒலியைக் கேட்க ஒரு பெட்டி வேண்டும் என்று என் கடைக்கு ஒருவர்கூட வந்ததில்லை. மக்களுக்கு ஆர்வமில்லை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒன்று இருப்பதாக யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

எது இவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது என்பது புரிய, அந்த முறை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். இந்த மடலைப் படிக்கும் பொதுமக்களுக்காகச் சொல்கிறேன்.

பழைய மத்திய அலையில் பேச்சும் பாட்டும் அலையின் உயர ஏற்ற இறக்கமாகவே போகின்றன. வழியில் மின்னல் வெட்டினாலும், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினாலும், மலிவான எல்.இ.டி. விளக்கு எரிந்தாலும், அதுவும் ஓர் ஏற்ற இறக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும். எது பாட்டு, எது இரைச்சல் என்று பிரித்தறியப் பெட்டிக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்தே ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். மத்திய அலையில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால் ஒலியின் மேல் சுருதிகளும் வெட்டப்பட்டுவிடுகின்றன. நாதஸ்வரம் கம்பளிக்குள் இருந்து கேட்பதுபோல் இருப்பதற்கு அதுவே காரணம். மின்சாரச் செலவும் மிக அதிகம். ஒலிபரப்பி வெளியேற்றும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், எந்த ஒலியையும் சுமக்காத வெற்று அலைக்கே போய்விடுகிறது.

டிஜிட்டல் முறையில் ஒலி முதலில் எண்களாகிச் சுருக்கப்படுகிறது. வழியில் சில எண்கள் தொலைந்தாலும் மிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கும்படி திருத்தக் குறியீடுகளும் சேர்க்கப்படுகின்றன. பிறகு அவை வரிசை மாற்றிக் கலைக்கப்பட்டு, அதே குறுகிய அலைவரிசைக்குள் ஏறக்குறைய இருநூறு சிறு அலைகளில் பகிர்ந்து அனுப்பப்படுகின்றன. ஒரு மின்னல் வந்து சிலவற்றைக் கெடுத்தால், கெட்டவை ஒரே சொல்லின் துண்டுகளாக இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். பெட்டி அவற்றைச் சரிசெய்து முழுச் சொல்லாகவே தந்துவிடும். கேட்பவர் காதுக்குக் கரகரப்பே வராது. பண்பலைக்கு நெருங்கிய தெளிவு, மத்திய அலையின் தூரம், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். வெற்று அலைக்குச் செலவாகும் மின்சாரமும் வெகுவாக மிச்சமாகும். ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம். நிலையத்தின் பெயர், செய்தித் தலைப்பு, வானிலை, மீன்விலை என எழுத்தாகவும் திரையில் காட்டலாம்.

குறையும் உண்டு, அதையும் மறைக்கத் தேவையில்லை. பழைய முறையில் சமிக்ஞை தேயத் தேய இரைச்சலோடாவது குரல் கேட்கும். டிஜிட்டலில் ஓர் எல்லை தாண்டினால் சட்டென்று முழு அமைதிதான். ஆகவே சமிக்ஞை எதுவரை எட்டுகிறது என்று கடற்கரையிலும் கடலிலும் அளந்து பார்க்காமல் பழையதை நிறுத்துவது ஆபத்து. இதைப் பின்னால் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

இனி எங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அண்மையில் ஒரு வள்ளக்காரர் தன் பெட்டியைக் கொண்டு வந்தார். பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். உள்ளே பேண்ட் மாற்றும் ஸ்விட்ச் உப்புப் பூத்துப் பச்சையாகியிருந்தது. பேட்டரி முனைகள் அரித்து, செப்புத் தகட்டை வெட்டிச் சொருகியிருந்தார். உள்ளே ஆன்டெனாவாக அலையைப் பிடிக்கும் ஃபெரைட் ராடு இரண்டாக உடைந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. புதுப் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று பண்பலையும் பென் டிரைவும் உள்ள ஒன்றைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இதுல மீடியம் வேவ் இல்லியே மக்கா. கரைய விட்டா எஃப்.எம். கொஞ்ச தூரந்தான். டவரும் போயாச்சுன்னா பின்ன எனக்குப் பழைய பெட்டிதான் கூட்டு” என்றார்.

தன் அனுபவத்தில் அவர் சொன்னது அறிவியலுக்கும் பொருந்துகிறது. பண்பலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. பூமியின் வளைவுக்கு அப்பால் அது அதிகம் எட்டாது. மத்திய அலை தரையையும் தண்ணீரையும் ஒட்டிப் போகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், தரையைவிடக் கடல்மேல் அது அதிகத் தூரம் போகும். கடலுக்குப் போகிறவனுக்குக் கரையிலிருந்து ஒரு குரல் போய்ச் சேர வேண்டுமென்றால், செலவு குறைந்த வழி இன்றைக்கும் இதுதான். கடைகளில் இப்போது வரும் மலிவுப் பெட்டிகளில் பலவற்றில் மத்திய அலையே இல்லை.

2017 நவம்பர் 30-ஐ எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒக்கி புயல் எங்கள் கரைக்கு அருகிலேயே வெகு வேகமாக வலுத்தது. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கைபேசி எட்டாத தூரம். படகில் உள்ள வயர்லெஸ் பக்கத்துப் படகுவரைதான் பேசும். திரும்பி வராதவர்களின் படங்கள் இன்றும் எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு மாலையோடு தொங்குகின்றன. வானொலி இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் எச்சரிக்கை விடுத்த நிமிடத்திலேயே அது கடலுக்குப் போய்ச் சேர ஒரு வழி இருந்திருந்தால், சிலருக்காவது படகைத் திருப்ப நேரம் கிடைத்திருக்கும்.

உங்கள் டி.ஆர்.எம். முறையிலேயே அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அவசர எச்சரிக்கை வசதி என்பது அதன் பெயர். நிலையத்திலிருந்து ஒரு குறியீட்டை அனுப்பினால், அதை ஏற்கும்படி செய்யப்பட்ட பெட்டி வேறு நிகழ்ச்சியில் இருந்தாலும் தானாக எச்சரிக்கைக்கு மாறும். உறக்க நிலையில் இருந்தாலும் விழித்துக்கொள்ளும்படி அமைக்கலாம். குரலோடு திரையில் எழுத்தும் பல மொழிகளில் வரும். தமிழில் ஒருவரும், அதே படகில் வேலை செய்யும் அசாம்காரர் தன் மொழியிலும் படித்துக்கொள்ளலாம். பெரிய விசைப்படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் கருவி கொடுக்கப்பட்டிருக்கிறது, அது நல்ல காரியம். ஆனால் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிற எல்லாருக்கும் அந்தக் கருவி எட்டாது. கையில் எடுத்துப் போகும் சின்ன ரேடியோ பெட்டிதான் எட்டும்.

எல்லாரிடமும் கைபேசி இருக்கிறதே, செயலியில் கேட்கலாமே என்று தில்லியில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் டெல்டாவில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். கம்பங்கள் சாய்ந்தன, டவர்களுக்கு மின்சாரமில்லை. கைபேசிக்குச் சார்ஜ் போடுவதற்கே ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வீட்டில் வரிசையில் நின்றார்கள். செயலி என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தியை எடுத்துப் போக வேண்டிய ஏற்பாடு. கேட்பவர் கூடக்கூட வழி அடைபடும். வானொலியில் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்கு ஒரே வேலைதான். டேட்டா தீர்ந்துபோகும் கவலையும் இல்லை.

டிஜிட்டல் ஒலியை நானே கேட்டது சென்னையில், உறவினர் ஒருவரின் புதுக் காரில். திரையில் பேண்டை மாற்றி மத்திய அலைக்குப் போனதும், நிலையத்தின் பெயர் எழுத்தாக வந்தது. செய்தி வாசித்தவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. வண்டி மின்கம்பிகளுக்கு அடியில் போனபோதும் ஒரு கரகரப்பு இல்லை. எத்தனையோ மத்திய அலைப் பெட்டிகளைத் திறந்து மூடிய எனக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. காரின் சொந்தக்காரருக்கோ தன் வண்டியில் அப்படி ஒரு வசதி இருப்பதே அன்றுதான் தெரிந்தது. விற்றவர்களும் சொல்லவில்லை. இந்தியாவில் டிஜிட்டல் வானொலியைக் கேட்க முடிகிறவர்களில் பெரும்பாலோர் கார் வைத்திருப்பவர்கள்தான். அவர்களிலும் பலருக்குத் தங்களிடம் அது இருப்பது தெரியாது.

அன்றைக்கே தனிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப நினைத்தேன். பெரிய மின்னணுச் சந்தையில் கடை கடையாகக் கேட்டும் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடியபோது விலை பல ஆயிரம் ரூபாய். சாதாரணப் பண்பலைப் பெட்டி சில நூறு ரூபாய்க்கு விற்கிற ஊரில் அதை யார் வாங்குவார்கள்? பிறகு ஒரு வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, எந்த நேரத்தில் பழைய முறையைச் சேர்க்காமல் முழு டிஜிட்டலில் ஒலிபரப்புகிறீர்கள் என்று கேட்டேன். எடுத்தவர் பண்பாகத்தான் பேசினார். ஆனால் அவருக்குத் தெரியவில்லை. பொறியியல் பிரிவுக்கு மாற்றினார், அங்கே யாரும் எடுக்கவில்லை. பிறகு எழுதிய அஞ்சலுக்கும் பதில் இல்லை. அந்த ஊழியர்மீது எனக்குக் கோபமில்லை. ஒலிபரப்பு நேரத்தைக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே மேலிடத்தில் இல்லாதபோது கீழே இருப்பவர் என்ன செய்வார்?

இதற்கிடையில் நாட்டின் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகள் மூடப்பட்டுவிட்டன. கேட்பவர் குறைவு, பராமரிப்புச் செலவு அதிகம் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. பெட்டியும் கொடுக்காமல் நேரமும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, கேட்பவர் குறைவு என்றால் எப்படி ஐயா?

நார்வேயைப் பற்றி உங்கள் அதிகாரிகள் நிச்சயம் படித்திருப்பார்கள். 2017இல் தேசியப் பண்பலைகளை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறிய நாடு அது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2011இல், நாடாளுமன்றம் நிபந்தனைகள் விதித்தது. பொது ஒலிபரப்பின் டிஜிட்டல் வீச்சு பழைய பண்பலைக்கு ஈடாக வேண்டும், தினமும் கேட்பவர்களில் பாதிப் பேராவது டிஜிட்டலில் கேட்க வேண்டும், காருக்கு ஏற்ற கருவி கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின்தான் நிறுத்தினார்கள். அப்போதும் எதிர்ப்பு இருந்தது. அவர்களிடம் இருந்த பணத்தை உங்களிடம் கேட்கவில்லை. அந்த ஒழுங்கை மட்டும்தான் கேட்கிறேன்.

பெட்டி விலை குறையாது என்பது உண்மையல்ல. எல்.இ.டி. விளக்கை நானே விற்கிறேன், அந்தக் கதை எனக்குத் தெரியும். 2014இல் அரசு நிறுவனம் கொள்முதல் செய்தபோது ஒரு விளக்கு ஏறக்குறைய 310 ரூபாய். உஜாலா திட்டத்தில் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதும் 2016இல் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்தது. உறுதியான பெரிய கொள்முதல் என்று அரசு சொன்னதும் தயாரிப்பாளர்கள் தாமாக வந்தார்கள். ரேடியோ பெட்டியில் அந்த முயற்சி ஒருமுறைகூட நடக்கவில்லை.

இன்னொரு முடிவும் உங்கள் மேசையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. 13 நகரங்களுக்கு டிஜிட்டல், சிறிய ஊர்களுக்குப் பழைய பண்பலை என்று இரண்டு பாதைகள் இப்போது உருவாகின்றன. டிராய் பரிந்துரைத்தபடி டிஜிட்டலும் சேர்ந்த முறையில் ஒரே அலைவரிசையில் பழைய பண்பலை ஒன்று, டிஜிட்டல் நிகழ்ச்சிகள் மூன்று, தகவல் சேவை ஒன்று அனுப்ப முடியும். இந்த வசதி அலைவரிசை நெருக்கடியுள்ள சென்னைக்கு மட்டும்தான் தேவையா? விளம்பர வருமானம் குறைந்த சிற்றூர் நிலையத்துக்கு, ஒரே கோபுரத்தில் நான்கு நிகழ்ச்சி நடத்த முடிவது இன்னும் பெரிய உதவி. இன்று புதிதாகப் பழைய ஒலிபரப்பியை வாங்கி நட்டுவிட்டால், அடுத்த பதினைந்து ஆண்டுக்கு அந்த ஊருக்கு டிஜிட்டல் கிடையாது என்றே பொருள்.

அத்துடன், நாடு முழுவதற்கும் ஒரே தொழில்நுட்பம் வேண்டும் என்று டிராய் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் தேர்வு செய்யும்போது தனியார் பண்பலையை மட்டும் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். மத்திய அலையில் ஏற்கெனவே இருக்கும் 35 ஒலிபரப்பிகளையும் அதே பெட்டி கேட்க முடிய வேண்டும். இல்லையென்றால் நகரத்துப் பெட்டி ஒன்று, கடற்கரைப் பெட்டி ஒன்று என்று இரண்டாகும். இரண்டாவதை எந்த நிறுவனமும் தயாரிக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, செலவே இல்லாதது. ஒவ்வொரு டிஜிட்டல் ஒலிபரப்பியின் அலைவரிசையையும், முழு டிஜிட்டலாக இயங்கும் நேரத்தையும் அந்தந்த நிலையம் தினமும் தன் மொழியில் அறிவிக்க வேண்டும். கார் விற்பவர்கள் அந்த வசதியை வாங்குபவருக்கு இயக்கிக் காட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். இந்த மாதமே செய்யலாம்.

கடலோர மாவட்டங்களை எட்டும் எந்த மத்திய அலை ஒலிபரப்பியையும், அந்த ஊர்களில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களைக் கலந்து பேசாமலும், டிஜிட்டல் சமிக்ஞை கடலில் எதுவரை எட்டுகிறது என்று படகில் போய் அளந்து வெளியிடாமலும் மூடக் கூடாது. இதை நிர்வாக முடிவாக விட்டுவிடாமல் எழுத்துபூர்வமான விதியாக்குங்கள்.

பெட்டிகள். மத்திய அலை, பண்பலை இரண்டிலும் டிஜிட்டலைப் பிடிக்கும், தண்ணீர் புகாத, சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் ஒரு சிறிய பெட்டிக்கு அரசே மொத்தக் கொள்முதல் அறிவிக்க வேண்டும். முதல் தவணை பதிவு பெற்ற நாட்டுப்படகுகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் மானிய விலையில் போகட்டும். உதிரிப் பாகங்களும் சர்க்யூட் படமும் சிறு பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். உப்புக்காற்றில் எந்தப் பெட்டியும் பழுதாகும். ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்கு அனுப்பிக் காத்திருக்கக் கடலுக்குப் போகிறவருக்கு நேரமில்லை. கைபேசி நிறுவனங்களுக்கு, இருக்கிற எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023 ஏப்ரலில் அரசு அறிவுறுத்தியது. அதைக் கட்டாயமாக்கி டிஜிட்டலையும் சேர்க்க வேண்டும்.

அவசர எச்சரிக்கை வசதியை வானிலை ஆய்வு மையத்தோடும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையத்தோடும் இணைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எங்கள் கடற்கரையில் ஒத்திகை நடத்துங்கள். காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரும் என்ற அறிவிப்பு, கடலில் இருப்பவருக்குப் புரியும் தமிழில், குரலாகவும் எழுத்தாகவும் வர வேண்டும். அதை எழுதும் குழுவில் கடல்தொழில் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

கடைசியாக, 13 நகரங்களின் பட்டியலைத் திருத்துங்கள். 234 ஊர்களுக்கான ஏல நிபந்தனைகளில், புதிதாக வாங்கும் ஒலிபரப்பி டிஜிட்டலுக்கு மாறத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரியையாவது சேருங்கள். புயல் அடிக்கும் கடலோர மாவட்டங்களை முதல் கட்டத்திலேயே சேர்த்து, நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு எந்த ஆண்டு, எந்த ஒலிபரப்பி, எவ்வளவு வீச்சு என்று தேதியிட்ட கால அட்டவணையை வெளியிடுங்கள். அதன் நகல் எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
கன்னியாகுமரி மாவட்டம்